உப்புத் தின்ற புல்

எங்கள் ஊர் இன்வர்ஸ்கெரியில் பாதிப் பேர் மேர், மீதிப் பேர் ஃப்ளெட். பட்டப்பெயர் சொல்லாவிட்டால் தபால்காரன்கூடத் தடுமாறிப் போவான். கொக்கு மேர், தார்ச்சட்டி மேர், ஞாயிற்றுக்கிழமை ஃப்ளெட் என்று வீட்டுக்கு வீடு ஒரு பெயர் உண்டு. நாங்கள் பெருங்கால் மேர். எங்கள் பாட்டனுக்குச் செருப்பு தைக்க இரண்டு ஆட்டின் தோல் வேண்டும் என்று யாரோ சொன்னதில் ஒட்டிக்கொண்டது அது.

பெருங்கால் வீட்டு மூத்தவன் என் அண்ணன் டாட். அவன் கட்டினவள் லெக்ஸி, ஞாயிற்றுக்கிழமை ஃப்ளெட் வீட்டுப் பெண். அவள் அப்பா அலெக்ஸாண்டரைக் கடல் கொண்டுபோன ஏழாவது வாரம் அவள் பிறந்தாள். ஆண் பிள்ளையாக இருந்தால் அப்பன் பெயரை அப்படியே வைத்திருப்பார்கள். பெண்ணாகப் போனதால் அலெக்ஸினா என்று வால் ஒட்டி வைத்தார்கள். பார்க்காத அப்பனின் பெயரைச் சுமந்தே வளர்ந்ததாலோ என்னவோ, யாருக்கும் பதில் சொல்லப் பயப்படாத பெண்.

பதினைந்து வயதில் ஹெர்ரிங் மீன் வேலைக்கு வந்தாள். மூன்று பெண்கள் சேர்ந்தால் ஒரு கோஷ்டி. இரண்டு பேர் குடல் எடுப்போம், ஒருத்தி பீப்பாயில் அடுக்குவாள். எங்கள் கோஷ்டியில் நானும் என் சித்தப்பா மகள் பெல்லாவும் கத்தி, லெக்ஸி அடுக்கு. இடுப்புவரை பீப்பாய்க்குள் தலைகீழாகக் கவிழ்ந்து, ஒரு வரிசை மீன், ஒரு கை உப்பு, அடுத்த வரிசை குறுக்காக, மறுபடி உப்பு என்று அடுக்குவாள். அவள் அடுக்கின பீப்பாயில் விரல் நுழைய இடம் இருக்காது. மேஸ்திரி திறந்து பார்த்துவிட்டு, "இதை மறுபடி மூடறதுதான்டா கஷ்டம்" என்பான்.

டாட் ரோவர்ஸ் கால்பந்துக் கிளப்பின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவன். ஒரு காலத்தில் வலை காயப்போட்ட இடம் என்பதால் ஊரில் அதற்கு வலைத்திடல் என்றே பெயர். அவன் கோடு போடுவான், கொடி நடுவான், கமிட்டிக்காரர்களிடம் தொப்பியைத் தூக்குவான். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, பெயர்ந்த புல்லையெல்லாம் எடுத்து வைத்து மிதித்து, ஆட்டாம்புழுக்கை போட்டு, பறவைகளை விரட்டி, வெட்டி உருட்டி வைத்தது லெக்ஸி. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான். பிள்ளை குட்டி இல்லை. அந்தத் திடல்தான் அவர்கள் வளர்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் எங்கள் ரோவர்ஸ் முதல் தடவையாக முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஸ்காட்லாந்தில் அதற்கு மேலே படி கிடையாது. கிளாஸ்கோ பெரிய கிளப்புகள் எல்லாம் பஸ் ஏறி எங்கள் ஊர் மீன் நாற்றத்துக்குள் வந்தே தீர வேண்டும் என்று நினைக்கும்போதே ஊருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம், முதல் ஆட்டத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, என் அண்ணன் பாதிக் கோடு போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுவட்டத்தில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

மண்ணுக்குள் வைத்த மறுநாள், லெக்ஸி மிச்சக் கோட்டைப் போட்டு முடித்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

கிளப்பின் தலைவர் ஃபோர்சைத். நாங்கள் வேலை பார்த்த மீன் முற்றத்துக்கும் அவர்தான் முதலாளி. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றார்.

"லெக்ஸி, கமிட்டியில ஒரு யோசனை. பட்டணத்துல படிச்ச ஆள் ஒருத்தர் கடுதாசி போட்டிருக்கார். திடல் வேலைக்குன்னே படிச்சவர்."

"புல்லுக்குப் படிப்பு உண்டா மொதலாளி?"

"உண்டாம். ஆனா டாட் போன சூட்டோட ஆள் மாத்த எங்களுக்கு மனசு வரல. இந்த சீசன் முடியற மட்டும் நீ பாரு. மே மாசம் கமிட்டி கூடி முடிவு எடுக்கும்."

"திடல் நல்லா இருந்தா?"

"நல்லா இருந்தா பாப்போம்."

"நல்லா இருந்தா எனக்கேன்னு சொல்லுங்க. பாப்போம்னு சொல்றது டாக்டர் சொல்றது."

ஃபோர்சைத் சிரித்துவிட்டார். "நல்லா இருந்தா உனக்குத்தான். இல்லாட்டி பட்டணத்தார் வருவார்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு சீசன் முழுக்க லெக்ஸியின் தலைக்கு மேல் அந்த வாக்கியம்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சீசன் நன்றாகவா தொடங்கியது? முதல் ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி. எங்கள் பையன்களில் பாதிப் பேர் வாரம் முழுக்கப் படகில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை கரையேறி, சனிக்கிழமை பூட்ஸ் மாட்டுகிறவர்கள். கேப்டன் ஆர்ச்சி, கொக்கு மேர் வீட்டுப் பிள்ளை, எங்கள் பெரியப்பா பேரன். லெக்ஸியைப் பெரியம்மா என்பான், என்னை அத்தை என்பான். ஆறடி நாலங்குலம். தலையால் முட்டுவதற்கென்றே பிறந்தவன். அவனை வைத்து அக்டோபரில் ஒன்றிரண்டு ஜெயித்தார்கள். கிறிஸ்துமஸ் வரும்போது பதினெட்டு கிளப்பில் பதினாறாவது இடம். கடைசி இரண்டு இடத்துக்குப் போனால் கீழே இறங்க வேண்டியதுதான்.

அப்புறம் வந்தது அந்தப் பனி. அப்படியொரு பனியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குள் கடல் ஓரம் வெள்ளையாகக் கட்டிக்கொண்டது. நாடு முழுக்க ஆட்டங்கள் நின்றுபோயின. எங்கள் திடல் தேவாலயத்துத் தளக்கல் மாதிரி ஆகிவிட்டது. ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை கிளாஸ்கோ பெரிய கிளப் ஒன்று வருவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்கு ரெஃப்ரி வந்து தரையைச் சோதிப்பார். குதிகால் இறங்காவிட்டால் ஆட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்கள் மீன் முற்றத்தில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தோம். ஊரெல்லாம் பனிக்கட்டியாகக் கிடக்க, உப்புக் கிடங்கின் வாசல்படி மட்டும் ஈரமாக இருந்தது. எத்தனையோ வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்குத்தான் லெக்ஸி அதை நின்று பார்த்தாள்.

"ஏ எஃபி, இங்க வா. இந்தப் படியில ஏன் பனி நிக்கல?"

"உப்பு சிந்திக் கிடக்கு மதினி. அதுல எப்படி நிக்கும்?"

சொன்னவள் நான்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது. நான் சொல்லி வாயை மூடுமுன் லெக்ஸி முதலாளி அறைக்குள் இருந்தாள். கால் மணியில் ஃபோர்சைத் வெளியே வந்து, "கிடங்கைத் திறங்கடா!" என்று கத்தினார்.

எங்கள் ஊரில் உப்பு எதையும் கெடுத்ததில்லை. உப்பு காப்பது. உப்பால்தான் மீன் ரஷ்யாவரை கெடாமல் போனது, உப்பால்தான் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது. பிறந்த குழந்தையின் தொட்டிலில்கூட ஒரு முடிச்சு உப்பு கட்டுவோம். அது புல்லைக் கெடுக்கும் என்று அந்த ஊரில் ஒரு தலைக்காவது தோன்றியிருக்க வேண்டுமே? தோன்றவில்லை. வயல்காட்டுப் பக்கம் ஒரு குழந்தையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். வயல்காட்டுக்காரர்களோடு எங்களுக்குப் பேச்சு ஏது.

ஆறு வண்டி உப்பு போனது. கோல் கம்பங்களுக்கு முன்னால் இருக்கிற இரண்டு கோல் வாயிலும் நடுவட்டத்திலும் பெண்கள் மீனுக்குத் தூவுகிற மாதிரியே கையை வீசித் தூவினோம். பெல்லா, "கிளாஸ்கோக்காரனுங்கள அப்படியே அடுக்கிப் பீப்பாயில போட்டுறலாம்டி" என்றாள். எல்லோருக்கும் குஷி. காலையில் ரெஃப்ரி குதிகாலை ஊன்றினார். சேற்றில் கணுக்கால்வரை இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்றைக்கு வடக்கே ஆட்டம் நடந்த ஒரே திடல் எங்களுடையது. ஆர்ச்சி தலையால் ஒரு கோல் போட்டான். ஒன்றுக்குச் சைபர். ஃபோர்சைத் கூட்டத்துக்கு நடுவில் லெக்ஸியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். பிப்ரவரியில் இன்னும் இரண்டு தடவை உப்பு போட்டோம். ஒரு ஜெயம், ஒரு டிரா. வேறு யாரும் ஆட முடியாத நேரத்தில் எங்களுக்கு ஐந்து புள்ளி சேர்ந்தது. மே மாதத்தைப் பற்றி லெக்ஸி கவலைப்படுவதையே விட்டுவிட்டாள்.

மார்ச் முதல் வாரம் பனி இளகியது. இளகின பிறகுதான் தெரிந்தது. ஓரமெல்லாம் பச்சை தலைகாட்டுகிறது. இரண்டு கோல் வாயும் நடுவட்டமும் மட்டும் பழுப்பு. இரண்டு வாரம் போயிற்று. பழுப்பு கறுப்பானது. கையால் இழுத்தால் வேரோடு தூள் தூளாக வந்தது.

ஆர்ச்சி வந்து குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தான். "பெரியம்மா, இது புல்லா, புகையிலையா?"

"வாய மூடுடா."

"இல்ல, பைப்புல போட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன்."

லெக்ஸி சிரிக்கவில்லை. அவள் அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். எங்கள் எல்லோருக்கும் அப்போதே புரிந்துபோனது.

மார்ச் கடைசியில் லீக்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பனியில் நின்றுபோன ஆட்டங்களில் எங்கள் ஊரில் ஆட வேண்டியது மூன்று, மே மாதத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அதுவரை எல்லாம் வெளியூர் ஆட்டம். மனிதர் குடையால் தரையைக் குத்திப் பார்த்தார்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

ஃபோர்சைத் தொண்டையைக் கனைத்தார். "பனி அப்படிங்க. எல்லா ஊரிலேயும் பனி…"

"பனி இல்ல," என்றாள் லெக்ஸி. "உப்பு. நான் போட்டேன்."

நான் அவள் முந்தானை மாதிரிக் கிடந்த சால்வையைப் பின்னாலிருந்து இழுத்தேன். உதறிவிட்டாள். அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரிஞ்சேவா?"

"தெரியாமத்தான். ஆனா கை என்னுது."

ஃபோர்சைத் தன் பூட்ஸைப் பார்த்தார். அப்புறம், "உப்பு என்னோடது," என்றார். "வண்டியும் என்னோடது. எழுதறதுன்னா ரெண்டு பேரையும் எழுதுங்க."

அதிகாரி எதையும் எழுதவில்லை. ஏப்ரல் இருபத்தேழாம் தேதி மறுபடி வருவதாகச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் மூன்று ஆட்டமும் ஐம்பது மைல் தள்ளி ஸ்ட்ராத்பர்ன் ஊர்த் திடலில்தான். சொந்த ஊரை விட்டு ஆடினால் எங்கள் பையன்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் அந்த வருஷம் மொத்தமே ஒன்றுதான் ஜெயித்திருந்தார்கள்.

அவர் போன பிறகு ஃபோர்சைத் சொன்னார்: "லெக்ஸி, நான் உன் பக்கம்தான். ஆனா கமிட்டியில ஒம்பது பேர். திடலைக் கொன்னவகிட்டயே திடலைக் குடுன்னு நான் எந்த வாயால கேக்கறது?"

"இன்னும் நாலு வாரம் இருக்கில்ல?"

"நாலு வாரத்துல என்ன பண்ணுவே?"

"தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்."

முதலில் தண்ணீர் விட்டாள். தீயணைப்பு வண்டியின் பம்பைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் அடித்தாள். வேலியோரம் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. "உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும்ல, குடிக்கட்டும் குடிக்கட்டும்!" என்று தார்ச்சட்டி மேர் வீட்டுக் கிழவர் ஒருவர் தினமும் வந்து ஒரே நையாண்டியைச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு விதை போட்டாள். ஏழாம் நாள் பச்சை நூல் மாதிரி முளைத்தது. பத்தாம் நாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. அன்றைக்கு என் வீட்டுக்கு வந்தாள். மீனும் பாலும் போட்ட சூப் ஒரு கிண்ணம் கொடுத்தேன். குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"எஃபி, டாட் இருந்தா உப்பு போட விட்டிருப்பானா?"

"அவனும் மீன்காரன் மகன்தானே மதினி. அவனே வண்டியை இழுத்திருப்பான்."

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல. என் அண்ணனை எனக்குத் தெரியாதா? அவன் புத்திசாலித்தனம் எல்லாம் உன்னைக் கட்டினதோட சரி."

அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

மறுநாள் காலை தூண்டிலுக்குச் சிப்பி எடுக்க நாங்கள் இரண்டு பேரும் ஆற்றுவாய்க்குப் போனோம். அங்கே சதுப்பு உண்டு. மாதத்தில் இரண்டு தடவை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், கடல் ஏறி அந்த நிலத்தை முழுக்க மூடிவிட்டு இறங்கும். அதன் மேல் பண்ணைக்கார டஃப்பின் ஆடுகள் மேயும். குழந்தையிலிருந்து பார்த்த இடம். ஆயிரம் தடவை மிதித்து நடந்திருக்கிறோம். லெக்ஸி திடீரென்று நின்றாள். கூடையைக் கீழே போட்டாள்.

"எஃபி. இந்தப் புல்லு எங்க நிக்குது?"

"தரையில."

"அட மூதேவி. போன வாரம் இந்த இடம் எங்க இருந்துச்சு?"

"கடலுக்குள்ள."

சொல்லிவிட்டு நானும் நின்றேன். எங்கள் காலடியில் கம்பளி மாதிரிக் குட்டையாக, நெருக்கமாக, கரும்பச்சையாக ஒரு புல். பிறந்த நாள் முதல் உப்பு தின்று வளர்ந்தது. லெக்ஸி சிப்பிக் கத்தியை எடுத்து அங்கேயே மண்டியிட்டு ஒரு மணைப்பலகை அகலத்துக்கு வெட்டினாள். கூடையில் வைத்துத் திடலுக்குக் கொண்டுபோய், சுரண்டின கோல் வாயில் நடுவே பதித்தாள். எட்டு நாள் தினமும் போய்ப் பார்த்தாள். எட்டாம் நாள் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வேர் பிடித்துவிட்டது.

ஏப்ரல் பதினேழாம் தேதி அது. அதிகாரி வர இன்னும் பத்து நாள்.

நேரே டஃப் பண்ணைக்குப் போனோம். மீன்காரர்கள் பண்ணை வாசலில் ஏறி அந்தத் தலைமுறையில் யாரும் பார்த்ததில்லை. டஃப் ஓர் ஆட்டுக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன, கடல் வத்திப்போச்சா? மலை ஏறி வந்திருக்கீங்க."

"உங்க சதுப்புப் புல்லு வேணும் அய்யா," என்றாள் லெக்ஸி. "ரெண்டு கோல் வாய், ஒரு நடுவட்டம், அவ்வளவுக்கு."

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். புல்லுக்கு உப்பு போட்டீங்களாமே? அடுத்து என்ன, மாட்டுக்கு மிளகு தூவுவீங்களா?"

"தூவினா ருசியா இருந்தா தூவுவோம்."

"எங்க பண்ணைப் பக்கம் தொட்டில் குழந்தைக்குத் தெரியும்மா, உப்பு வயலுக்கு ஆகாதுன்னு."

"எங்க பக்கம் தொட்டில் குழந்தைக்கு கடல் எப்ப ஏறும்னு தெரியும். போன மாசம் உங்க பதினாலு ஆட்டைத் தண்ணி சுத்தினப்ப, கத்திக் கூப்பிட்டு ஓட்டி விட்டது யாரு? இந்த எஃபிதான்."

டஃப் என்னைப் பார்த்தான். ஆட்டுக்குட்டியும் பார்த்தது.

"அது நீயா?"

"நான்தான்."

குட்டியின் காதைத் தடவினான். "அடுத்தாப்ல கடல் ஏறுறது திங்கக்கிழமை. அதுக்குள்ள வெட்டிட்டுப் போயிடணும். ஆத்தோரமா ஒட்ட வெட்டாதீங்க, கரை அரிச்சிடும். துண்டு துண்டா, ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டுங்க, மிச்சம் தானா பரவிக்கும். அப்புறம் ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"ஆட்டத்தன்னிக்கு நான் வருவேன். என் புல்லு எங்க இருக்குன்னு எனக்குக் காட்டணும்."

வியாழக்கிழமை தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒருத்தரும் மண்வெட்டி தொடமாட்டார்கள், உலகம் கவிழ்ந்தாலும். ஆக மூன்றே நாள். மீன் முற்றத்துப் பெண்கள் இருபத்தேழு பேர், ஒன்பது கோஷ்டி. ஒவ்வொரு கோஷ்டியிலும் இரண்டு பேர் சதுப்பில் வெட்டினோம், ஒருத்தி திடலில் அடுக்கினாள். வண்டி இழுக்க ஆர்ச்சியும் பையன்களும். வெட்டின புல்லுக்கு மேல் ஈரச் சாக்கைப் போட்டு, கடல் இறங்கின நேரமெல்லாம் ஓட்டம்.

கமிட்டியில் ஒருவர் வந்து, பட்டணத்துப் புத்தகத்தில் புல்லைச் சதுரம் சதுரமாக, நேர்வரிசையாக, நடுவில் விரற்கடை இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறது என்றார்.

"இடம் விட்டா காத்து போகும். காத்து போனா ஓரம் காயும்," என்றாள் லெக்ஸி.

"புத்தகத்துல போட்டிருக்கு லெக்ஸி."

"புத்தகம் பீப்பாய் அடுக்கியிருக்கா?"

அவர் நகர்ந்துபோனார். அடுக்குகிற ஒன்பது பெண்களுக்கும் லெக்ஸி சொன்னது ஒன்றுதான்: "ஹெர்ரிங் மாதிரி. ஒரு வரிசை நேர், அடுத்த வரிசை பாதி தள்ளி. தோளோட தோள் இடிக்கணும். விரல் நுழைஞ்சா பிரிச்சு மறுபடி வை." ஒன்பது பேரும் குனிந்து, பின்புறம் வானத்தைப் பார்க்க, முழங்காலால் நெருக்கி நெருக்கி அடுக்கிக்கொண்டு போனதைப் பார்க்க அப்படியே மீன் சீசனுக்கு நாங்கள் போகிற யார்மத் துறைமுகக் கரை மாதிரி இருந்தது. தார்ச்சட்டிக் கிழவர் வேலியோரம் வந்து வாயைத் திறந்தார். என்னோடு வண்டியில் புல் கொண்டுவந்த பெல்லா ஒரு புல்துண்டைக் கையில் தூக்கிக் காட்டினாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவரும் ஒரு வண்டியைப் பிடித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசித் துண்டு உள்ளே போனது. அதை முழங்கையால் இடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

இருபத்தேழாம் தேதி அதிகாரி வந்தார். அதே குடை. குத்தினார். குடை வளைந்தது. குனிந்து ஓர் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி இரண்டு கையாலும் இழுத்தார். முகம் சிவந்ததே தவிர புல் அசையவில்லை.

"இது எந்தக் கம்பெனியில வாங்கினது?"

"கடல்ல," என்றாள் லெக்ஸி.

அவர் தாளில் கையெழுத்து போட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. எங்கள் வேலை முடியவில்லை. திடல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்று கமிட்டியில் நாலைந்து பேர் பேசத் தொடங்கியிருந்தார்கள். உப்பால் கிளப் கீழே இறங்கினால் உப்பு போட்டவளும் இறங்க வேண்டியதுதான் என்று கடைத்தெருவிலேயே சொன்னார்கள். அது லெக்ஸியின் காதுக்கும் வந்தது.

மே மாதம் முதல் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு டிரா. அடுத்தது மூன்று கோல் வாங்கித் தோல்வி. கடைசி ஆட்டம் ஜெயித்தால் நிற்கலாம், இல்லாவிட்டால் இறக்கம்.

அன்றைக்கு ஊர்ப் படகு ஒன்றுகூடக் கடலில் இல்லை. டஃப் தன் பண்ணை ஆட்கள் பதினைந்து பேரோடு, கம்பளிக் கோட்டும் கைத்தடியுமாக வந்து, வடக்குக் கோலுக்குப் பின்னால் நின்றான். "அதோ அது என்னோடது, அந்த ஓரம்," என்று பக்கத்தில் இருக்கிறவனிடம் எல்லாம் காட்டினான். எதிரணிக்காரன் ஒருவன் பூட்ஸால் தரையைக் கிளறியபோது, "ஏலே, மேய்ச்சல் நிலம்லே அது!" என்று கத்தினான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. மீன்காரர்களும் பண்ணைக்காரர்களும் சேர்ந்து ஒரே விஷயத்துக்குச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

லெக்ஸி பார்க்கவில்லை. கோல் கம்பத்துக்கு அந்தப் பக்கம் கருவிக் கொட்டகையில் உட்கார்ந்து, கதவிடுக்கில் தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கால் எங்க வழுக்குதுன்னு மட்டும் சொல்லு எஃபி. கோல் எல்லாம் வேண்டாம்," என்றாள்.

"எங்கேயும் வழுக்கல மதினி," என்றேன், கொட்டகை வாசலில் நின்று பார்த்தபடி.

எழுபதாவது நிமிஷம்வரை ஒன்றுமில்லை. அப்புறம் எங்கள் பையன் ஒருவன் நடுவிலிருந்து நீளமாக ஓர் உதை விட்டான். பந்து உயரப் போய் வடக்குக் கோல் வாயில் விழுந்தது. எதிரணிக் கோல்கீப்பர் அது குதித்து நேரே கைக்கு வரும் என்று பின்வாங்கி நின்றான். எந்தத் திடலிலும் அப்படித்தான் குதிக்கும். ஆனால் அந்தப் புல் கம்பளி மாதிரி அடர்த்தி. பந்து பொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அந்த இடத்தில் பந்து குதிக்காது என்று மூன்று வாரமாகப் பழகிப் பார்த்த ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். நீண்ட கால். ஆர்ச்சிதான். தலையால் போடுகிறவன் அந்த வருஷம் காலால் போட்ட ஒரே கோல்.

சத்தத்தில் கொட்டகைக் கூரை அதிர்ந்தது. லெக்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"நம்மதா?"

"நம்மது."

"புல்லு பெயர்ந்துச்சா?"

"ஒரு இணுக்குகூட இல்ல."

மிச்ச இருபது நிமிஷம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. விசில் ஊதினபோது டஃப் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். பார்த்தால் தார்ச்சட்டிக் கிழவர். பதினெட்டில் பதினாறாவது இடம். நின்றுவிட்டோம்.

திங்கட்கிழமை மத்தியானம் கமிட்டி கூடியது. லெக்ஸி அங்கே போகவில்லை. திடலில்தான் இருந்தாள். நீளப் பிடி போட்ட தோட்ட முள்கரண்டியைக் குத்தித் தரையைத் தளர்த்திக்கொண்டே, கோடு கோடாக நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலேயே பெயர்ந்த துண்டுகளை மிதித்துக்கொண்டு போனேன். முடிவு எதுவானாலும் அந்த வேலை அன்றைக்கு முடிந்தாக வேண்டும் என்கிற மாதிரி அவள் குத்திக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ஃபோர்சைத் வந்தார். தொப்பி தலையில்தான் இருந்தது. முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. முற்றத்தில் மீன் விலை பேசிப் பழகின முகம்.

"லெக்ஸி, பட்டணத்தாருக்குக் கடுதாசி எழுதியாச்சு."

அவள் கரண்டியைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். "எப்ப வராராம்?"

"வரல. வேண்டாம்னு எழுதியிருக்கு. ஒம்பது பேரும் கையெழுத்து."

கரண்டிப் பிடியை இரண்டு தடவை மாற்றிப் பிடித்தாள். கண் கலங்கியதோ என்னவோ, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது.

"அடுத்த சீசன் முடியற மட்டுமா?" என்று கேட்டாள்.

"மட்டும் கிட்டும் எல்லாம் இல்ல. உனக்குத்தான். அடுத்த ஆகஸ்ட்டுல எதுவெல்லாம் வேணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடு."

"எழுதறது என்ன, இப்பவே சொல்றேன். புது உருளை ஒண்ணு வேணும். ஆட்டாம்புழுக்கை டஃப்கிட்ட கேட்டாச்சு, வண்டி மட்டும் உங்களோடது. அப்புறம்…" அவள் குனிந்து பார்த்தாள். "மொதல்ல புல்லை விட்டு இறங்குங்க மொதலாளி. ஆணி அடிச்ச பூட்ஸ்."

ஃபோர்சைத் கீழே பார்த்துவிட்டு, சேற்றில் மிதிக்கிறவர் மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கோட்டுக்கு வெளியே போய் நின்றார். அங்கிருந்தபடியே பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சரி, சொல்லு," என்றார்.